பழைய கோப்புப் பெயர்

ஒரு படத்தை எடுத்தது யார் என்று எங்கள் ஸ்டூடியோவில் எவரும் கேட்பதில்லை. அப்படியொரு விதி சுவரில் எழுதப்பட்டதில்லை; வேலையில் சேர்ந்த அன்று யாரும் எங்களுக்கு அதைச் சொல்லித் தந்ததுமில்லை. இருந்தும் பதினான்கு ஆண்டுகளில் எங்களுள் ஒருவர் வாயிலிருந்தும் அந்தக் கேள்வி புறப்பட்டு நான் கேட்டதில்லை. மணப்பெண்ணின் தாய் ஆல்பத்தைப் புரட்டியபடி, "என் மக சிரிப்ப இப்படிப் புடிச்சிருக்கானே, யாரு அந்தத் தம்பி?" என்று கேட்பதுண்டு. "ஸ்டூடியோ எடுத்ததும்மா" என்போம். அந்த அம்மாளும் தலையசைத்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். ஸ்டூடியோ என்றால் எங்கள் சார், அமான்சியோ தினோபோல். பலகையில் இருப்பது அவர் பெயர்; ஒவ்வொரு படத்தின் கீழ்மூலையிலும் வெள்ளை எழுத்தில் சாய்ந்திருப்பதும் அவர் பெயர்.

இலொய்லோ நகரில் லா பாஸ் சந்தைக்கு எதிரே, பாட்சோய் என்ற நூடுல்ஸ் சூப் விற்கும் கடையின் மாடியில் இருக்கிறோம். எலும்புச் சாறு கொதிக்கும் மணம் காலை ஆறு மணிக்கே படியேறி வந்துவிடும். என் பெயர் நெலியா. படங்களைச் சேமித்து அடுக்கிவைப்பது என் வேலை. நான்கு கேமராக்காரர்களும் வெளிவேலை முடிந்து திரும்பும்போது மெமரி கார்டுகளை என் மேசையிலுள்ள சோப்பு டப்பாவில் போட்டுவிட்டுப் போவார்கள். கார்டின் மேல் யாரும் பெயர் எழுதுவதில்லை. நான் அவற்றை ஒவ்வொன்றாகக் கணினியில் செருகி, உள்ளே எடுத்துக்கொள்ளும்படி மென்பொருளுக்கு ஆணையிடுவேன். அது படங்களை நாள்வாரியாக ஃபோல்டர் போட்டுக் கணினியின் ஹார்டு டிஸ்க் வட்டில் வைக்கும். கேமரா இட்ட பெயரை நீக்கி, சாரின் முதலெழுத்துகளும் தேதியும் வரிசை எண்ணும் சேர்ந்த புதுப் பெயரைச் சூட்டும். பிறகு ஒவ்வொரு படத்தோடும் 'எடுத்தவர்: அமான்சியோ தினோபோல்' என்ற வரியை இணைத்துவிடும். அந்த வரிக்கான படிவத்தை நிரப்பிவைத்தவள் நான்தான். சேர்ந்த முதல் வாரம் சார் சொன்னார், நிரப்பினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதன் பிறகு நான்கு லட்சத்துச் சொச்சம் படங்கள் அந்த வரியைச் சுமந்துகொண்டு வட்டுக்குள் போயிருக்கின்றன.

படங்கள் மென்பொருளுக்குள் இருப்பதாகத்தான் பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அவை வட்டில் கிடக்கின்றன. மென்பொருளிடம் இருப்பது அவற்றைப் பற்றிய ஒரு பட்டியல் மட்டுமே. எந்தப் படம் எந்த ஃபோல்டரில் இருக்கிறது, அதற்கு எத்தனை நட்சத்திரம், அதில் நிற்பவர் யார், வெளிச்சத்தை எவ்வளவு கூட்டினோம் என்பதெல்லாம் அந்தப் பட்டியலின் நினைவு. பட்டியலில் நான் எதைத் திருத்தினாலும் வட்டிலுள்ள கோப்புக்கு அது தெரியாது. 'கோப்பில் எழுது' என்று தனியே ஒருமுறை சொன்னால்தான் தெரியும். அது தானாகவே நடக்கும்படியும் செய்துவைக்கலாம். எங்கள் பழைய கணினி அந்தப் பாரத்தில் திணறியதால் நான் அதை நிறுத்திவைத்திருந்தேன். சனிக்கிழமை மாலைதோறும் அந்த வாரத்துப் படங்களையெல்லாம் மொத்தமாகத் தெரிவுசெய்து, கோப்பில் எழுதிவிட்டு, கணினியை மூடுவேன். இதை எங்கள் ஸ்டூடியோவில் முழுதாக அறிந்தவள் நான் ஒருத்திதான். பின்னால் நடந்ததற்குப் பழி என் மேல் விழுவதும் அதனால்தான்.

எல்மெர் காபாசா எங்களிடம் பத்து ஆண்டுகளாகக் கேமரா பிடிக்கிறான். ஒரு செவ்வாய்க்கிழமை நண்பகலில், கையில் இரண்டு கிண்ணம் பாட்சோயோடு என் மேசைக்கு வந்தான். ஒன்றை என் முன்னால் வைத்தான். அவன் கைக்காசில் சூப் வாங்கித் தருகிறான் என்றால் பின்னால் ஏதோ பெரிதாக வருகிறது என்று பொருள்.

"மனாங் நெலி, ஒரு உதவி வேணும்." எங்கள் ஊரில் அக்காவை மனாங் என்போம், அண்ணனை மனோங்.

"சொல்லு. உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கு, அதையும் சேத்துச் சொல்லு."

"கப்பல்ல வேலை. பயணிங்களப் படம் எடுக்கற வேலை. மணிலா ஏஜென்சில நேர்ல பாத்துட்டாங்க, புடிச்சிருக்குன்னுட்டாங்க. நாப்பது படம் கேக்கறாங்க. வெட்டாம, பூசாம, கேமராவுலேர்ந்து வந்த ஃபைலே வேணுமாம்."

அடுத்த மேசையில் ஆல்பம் தைத்துக்கொண்டிருந்த டோட்டிங் நிமிர்ந்தார். எங்கள் கேமராக்காரர்களில் அவரே வயதில் மூத்தவர். "கப்பலா? இந்தா இருக்கற குயிமாராஸ் தீவுக்குப் போற கால் மணி நேரப் படகுலயே பையப் புடிச்சிக்கிட்டு உக்காருறவன்டா நீ."

"வாந்தி எடுத்தாலும் என் படத்துல கடல் நேராத்தான் இருக்கும், மனோங்."

"ஆமா, பின்ன கப்பல்தான் சாயும்."

எல்மெர் சிரித்தான், ஆனால் சூப்பைத் தொடவில்லை. அவன் மனைவி மெர்லி ஆறு ஆண்டுகளாக ஹாங்காங்கில் யாருடைய பிள்ளைகளையோ வளர்த்துக்கொண்டிருக்கிறாள். தன் மகள் வளர்வதை அவள் கைபேசித் திரையில் பார்க்கிறாள். எல்மெர் கப்பல் ஏறினால் மெர்லி வீடு திரும்பலாம். கப்பல் நிறுவனமோ முப்பத்தைந்து வயதைத் தாண்டியவரைப் புதிதாகச் சேர்ப்பதில்லை. எல்மெருக்கு அடுத்த மாதம் முப்பத்தாறு பிறக்கிறது.

"சார்கிட்டச் சொல்லிட்டியா?"

"வேலை உறுதியானதும் சொல்லிக்கலாம்னு." அவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். சார் அவன் மகளுக்கு ஞானத்தகப்பன். ஞானஸ்நான விருந்துக்குப் பன்றி வாங்கித் தந்தவரும் அவரே. என் தாய் படுத்திருந்தபோது மருத்துவமனையில் படுக்கை பிடித்துக் கொடுத்தவரும் அவரே. எங்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் அவர் செய்த ஒரு நன்மை உட்கார்ந்திருக்கும்; நாங்கள் பேச வாயெடுத்தால் அது எழுந்து நிற்கும்.

எல்மெரின் படங்களை எப்படித் தேடியெடுப்பது என்பது எனக்குத் தெரிந்திருந்தது. எட்டு ஆண்டுகளுக்கு முன் கிம்பாலில் நடந்த ஒரு கல்யாணத்தில், இரண்டு கேமராக்கள் ஒரே எண்ணில் படங்களைத் தர, ஒன்றின் இடத்தில் மற்றொன்று ஏறி, மோதிரம் மாற்றிய காட்சியே காணாமற்போனது. மணமகனும் மணமகளும் மறுபடி கோவிலுக்கு வந்து மோதிரம் மாற்ற நேர்ந்தது. மணமகள் அதற்குள் தலைமுடியைக் கத்தரித்திருந்தாள். அன்றுமுதல் ஒவ்வொருவரையும் தம் பெயரின் முதல் மூன்றெழுத்தைக் கேமராவில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். அந்த எழுத்துகளோடு வரும் படத்துக்கு மென்பொருள் புதுப் பெயர் சூட்டினாலும், பழையதைத் தூக்கி எறிவதில்லை. பட்டியலின் அடியில் 'பழைய கோப்புப் பெயர்' என்றொரு கட்டம் உண்டு. அதை யாரும் திறப்பதில்லை. திறந்தால் விதியின் முகத்தில் விழிக்க வேண்டியிருக்கும்.

அன்று திறந்தேன். எல்மெரின் மூன்றெழுத்தைத் தட்டினேன். ஒரு கணத்தில் எழுபத்தோராயிரத்துச் சொச்சம் படங்கள் வந்து நின்றன.

நாங்கள் இருவரும் அவற்றை உருட்டிப் பார்த்தோம். கல்யாணங்கள், பதினெட்டாம் பிறந்தநாள் நடனங்கள், ஊர்த்திருவிழாக்கள், பட்டமளிப்புகள், சாவுகள். தனித்தனியே இவை எல்லாவற்றையும் நான் கண்டிருக்கிறேன். ஒரே மனிதனின் பார்வையாகச் சேர்த்துக் கண்டதில்லை. அவன் எப்போதும் கூட்டத்தின் ஓரத்தில் இருப்பவர்களைத்தான் பார்த்திருக்கிறான். மணமகளுக்குப் பின்னால் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் தங்கை. சவ ஊர்வலத்தில் குடையை மறந்துவிட்டுத் திரும்பி ஓடும் மருமகன். எட்டு ஆண்டுகளாக ஒரே கண் ஒரே விஷயத்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. நானோ அதை நான்கு பேர் வேலையோடு கலந்து தேதிவாரியாக அடுக்கியிருந்தேன்.

"இவ்ளோவா எடுத்தேன்?" என்றான் எல்மெர்.

நாற்பதைத் தேர்ந்தோம். கடைசியில் வெள்ளப் படத்தின் மேல் சுட்டியை நிறுத்தினேன். ஹாரோ பகுதியில் வெள்ளம் வந்தபோது சவப்பெட்டி செய்கிற ஒருவர், பாதி மெருகிட்ட புதுப்பெட்டியைப் படகாக்கி, அதில் தன் இரண்டு குழந்தைகளை உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு வருகிறார். குழந்தைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். தகப்பன் முகத்தில் மட்டும் பெட்டி எதற்கானது என்ற நினைவு இருக்கிறது. மணிலாவில் தேசியப் பரிசு பெற்ற படம். எங்கள் வாசலில் ஆளுயரத்துக்கு மாட்டப்பட்டிருக்கிறது. வெள்ளம் வந்த அன்று சார் கடல் தாண்டிப் பக்கோலோதில் தங்கை மகள் கல்யாணத்தில் இருந்தார். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"அது வேணாம் மனாங். அது சாரோடது."

"சாரோடதா?"

கேள்வி பாதியில் நின்றது. மீதியை நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. டோட்டிங் தைப்பதை நிறுத்தியிருந்தார். நான் அந்தப் படத்தையும் சேர்த்தேன். நாற்பதிலும் எடுத்தவர் பெயரை அழித்து 'எல்மெர் காபாசா' என்று எழுதினேன். பட்டியல் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டது. அப்போது படியில் சாரின் காலடிச் சத்தம் கேட்டது. அவசரமாக ஃபோல்டருக்குப் போய், அந்த நாற்பது கோப்புகளையும் அப்படியே பென்டிரைவில் போட்டு, எல்மெர் கையில் திணித்தேன்.

செவ்வாய்க்கிழமை அது. சனிக்கிழமைக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. கோப்பில் எழுதுவது சனிக்கிழமை வேலை என்று என் கைக்குப் பழகியிருந்தது. பதினான்கு ஆண்டுப் பழக்கத்தை என் புத்தி தாண்டவில்லை.

அடுத்த வாரம் வியாழன் காலை எல்மெர் வந்தபோது கையில் பாட்சோய் இல்லை. கைபேசியை என் மேசைமேல் வைத்தான். பிறருடைய படங்களைத் தம்முடையவையாகக் காட்டுவோரை எங்கள் நிறுவனம் எக்காலத்திலும் பரிந்துரைப்பதில்லை என்று தொடங்கியது ஏஜென்சியின் மின்னஞ்சல். தாங்கள் அனுப்பிய நாற்பது கோப்புகளிலும் எடுத்தவர் பெயர் வேறாக உள்ளது. அவற்றுள் ஒன்று நாடறிந்த பரிசுப் படம் என்பது தங்களுக்குத் தெரியாதிருக்க வழியில்லை. ஸ்டூடியோ உரிமையாளரின் கையொப்பமிட்ட விளக்கம் அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் தங்கள் பெயர் எங்கள் தடைப்பட்டியலில் சேர்க்கப்பட்டு, பிற முகவர்களுக்கும் தெரிவிக்கப்படும்.

"எல்லாத்துலயும் சார் பேருதான் இருக்காம்" என்றான்.

"இருக்காது. நான்தான் மாத்தினேனே." பட்டியலைத் திறந்து காட்டினேன். நாற்பது படம், நாற்பதிலும் எல்மெர் காபாசா.

"இங்க இருக்கே."

"இங்க இருக்கு" என்று சொல்லும்போதே எனக்குக் கோப்பின் நினைவு வந்தது. வட்டிலுள்ள ஒரு கோப்பைத் தனியே திறந்தேன். எடுத்தவர்: அமான்சியோ தினோபோல். இன்னொன்றைத் திறந்தேன். அதுவும் அப்படியே.

என்ன நடந்தது என்று அவனுக்கு விளக்கினேன். பட்டியல் வேறு, கோப்பு வேறு என்றேன். நான் மாற்றியது பட்டியலில். உன்னிடம் தந்தது கோப்பை என்றேன். சனிக்கிழமையைப் பற்றிச் சொன்னேன்; போன சனிக்கிழமையும் அந்த வாரத்துப் படங்களை மட்டுமே எழுதியிருந்தேன், இந்த நாற்பதும் பழையவை. அவன் பள்ளிப் பிள்ளையைப்போல் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். பிறகு சிரித்தான், அந்தச் சிரிப்புக்குப் பதிலாக என்னை அறைந்திருக்கலாம்.

"அப்ப நான் உங்க கம்ப்யூட்டர்ல மட்டும்தான் கேமராக்காரனா, மனாங்? அதுவும் ஒரு வாரமா?"

"எல்மெர், தப்பு என்னோடது. சார்கிட்ட நான் பேசறேன்."

"என் படத்தத் திருடினவன்னு எனக்கே பேரு வாங்கிக் குடுத்திட்டீங்க. பத்து வருஷமா சும்மா இருந்தப்பகூட இது இல்ல."

டோட்டிங் ஊசியை மெழுகில் தேய்த்துக்கொண்டே மெல்லச் சொன்னார்: "சும்மா இருந்ததாலதான்டா."

அன்று மதியமே சாரின் அறைக்குப் போனேன். அமான்சியோ தினோபோல் நல்ல மனிதர் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். கெட்டவராக இருந்திருந்தால் எங்கள் விதி இத்தனை ஆண்டு தாங்கியிருக்காது. கூழ்போல் காய்ச்சிய கோக்கோவை என் பக்கம் நகர்த்தினார்.

"உக்காரு நெலி. சாப்டியா? மொகமே சரியில்லையே."

சொன்னேன். இடைமறிக்காமல் கேட்டார். கடிதம் என்ற சொல் வந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒண்ணு கேக்கறேன். கீழ இருக்கானே பாட்சோய்க்காரன், அவன் கடையில நூடுல்ஸ் போடறது ஏழு பேரு. எவனாவது கிண்ணத்துல கையெழுத்துப் போடறானா? போர்டுல ஒரே பேருதான. ஜனங்க அந்தப் பேர நம்பித்தான படியேறி வராங்க."

"கிண்ணம் சாப்பிட்டதும் காலியாயிடும் சார். படம் அப்படியே இருக்குமே."

"அவனுக்கு வெளிச்சத்தப் பாக்கக் கத்துக் குடுத்தது யாரு? கேமரா வாங்கிக் குடுத்தது யாரு? பக்கோலோத்லேர்ந்து போன் போட்டு, ஹாரோவுக்கு ஓடுடான்னு அனுப்பினது யாரு? அவன் விரல்தான் அழுத்திச்சு, ஒத்துக்கறேன். விரலுக்கா பரிசு?"

அவர் கேட்டது முழுப் பொய்யாக இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். எல்மெர் முதன்முதலில் வந்தபோது கேமராவை எப்பக்கம் பிடிப்பது என்றுகூட அறியாமலிருந்தான். ஆனால் எழுபத்தோராயிரம் படங்களை ஒன்றாகப் பார்த்த பிறகு, ஓரத்தில் நிற்பவர்களைப் பார்க்க அவனுக்கு யாரும் கற்றுத்தரவில்லை என்பதும் எனக்குத் தெரிந்துவிட்டது. சார் எடுக்கும் படங்களில் ஓரம் என்று ஒன்று இருந்ததேயில்லை.

"புதன்கிழமை இருபத்தஞ்சாவது வருஷ விழா. பேனரு அடிச்சாச்சு, பிஷப் ஆசி அனுப்பியிருக்காரு. இப்பப் போயி அந்தப் படம் என்னோடது இல்லன்னு கையெழுத்துப் போட்டா, இங்க இருக்கற இருபது குடும்பம் எங்க போகும்? யோசி." குரலைத் தணித்தார். "அவன் என் ஞானமகளோட அப்பன். அவன் கெட்டுப் போகணும்னு நெனப்பேனா? வேற கடுதாசி தரேன். பத்து வருஷமா என்கிட்ட உதவியாளரா இருந்தாரு, நாணயமானவருன்னு. அதக் கொண்டுபோய்க் குடு."

எழுந்தேன். கதவருகே போனபோது கூப்பிட்டார்.

"நெலி, பட்டியல்ல பேரு மாத்தினேன்னியே. அதச் சரி பண்ணிடு, என்ன? விழாவுல அதுலேர்ந்துதான படம் ஓடப்போகுது."

என் இடத்துக்கு வந்து நாற்பது படங்களையும் தெரிவுசெய்தேன். பழைய படிவத்தைச் சுட்டினேன். நாற்பது படங்களில் இந்த விவரம் மாற்றப்படும், தொடரலாமா என்று மென்பொருள் ஒருமுறை கேட்டது. அந்தக் கட்டிடத்தில் அப்படிக் கேட்டது அது ஒன்றுதான். தொடரலாம் என்றேன். ஒரு வினாடியில் எல்மெர் காபாசா நாற்பது இடங்களிலிருந்தும் போய்விட்டான். பட்டியலும் கோப்பும் மறுபடி ஒரே சொல்லைச் சொல்லின. பழைய கோப்புப் பெயர் மட்டும் நகரவில்லை. அந்தக் கட்டத்தை எந்தப் படிவத்தாலும் நிரப்ப முடியாது.

'உதவியாளர்' கடிதத்தை எல்மெர் நின்றபடியே படித்தான்.

டோட்டிங் எட்டிப் பார்த்தார். "உதவியாளரா? இதக் கொண்டுபோனா கப்பல் ரூமுல துண்ட அன்னப்பறவையா மடிச்சு வெக்கற வேலைதான்டா குடுப்பான்."

"அதுவும் படம் எடுக்க நல்லாத்தான் இருக்கும், மனோங்" என்றான் எல்மெர். கடிதத்தை நான்காக மடித்துக் கேமராப் பையின் பக்கவாட்டு அறையில் செருகினான். அனுப்பவில்லை.

"மெர்லிகிட்டச் சொல்லிட்டியா?" என்று கேட்டேன்.

"வரேன்னு பெட்டி கட்ட ஆரம்பிச்சிட்டா. சொல்லணும்." பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். "நீங்க ஒண்ணும் மனசுல வெச்சிக்காதீங்க மனாங்." அதை அவன் கோபமாகச் சொல்லியிருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

புதன்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, பேரங்காடியின் நடுமுற்றத்தில் விழா. ஜெபம், தேசிய கீதம், நகரமன்ற உறுப்பினர் ஒருவரின் நீளமான பேச்சு. பக்கத்து மேசையில் வறுத்த பன்றி தோல் மின்ன, வெட்டுவோருக்காகக் காத்திருந்தது. மேடைக்குப் பின்னே பெரிய திரை. மேடையின் ஓரத்தில் மடிக்கணினியோடு நான். ஒவ்வொரு படமும் வரும்போது ஆண்டையும் ஊரையும் அறிவிக்க எனக்கும் ஒரு மைக் கொடுத்திருந்தார்கள். எல்மெர் ஸ்டூடியோவின் கறுப்புச் சட்டையில், கூட்டத்துக்கும் மேடைக்கும் நடுவே முழங்காலிட்டும் எழுந்தும் விழாவைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். வேலை என்றால் வேலை.

இருபத்திரண்டு படங்கள் ஓடின. இருபத்துமூன்றாவதாக வெள்ளப் படம் வந்தது. முற்றம் முழுவதும் ஒரு பெருமூச்சு எழுந்தது. மேல்தளத்தில் பையோடு போய்க்கொண்டிருந்தவர்கள்கூடக் கம்பியைப் பிடித்துக் குனிந்து பார்த்தார்கள். எனக்குப் பக்கத்திலிருந்த நாற்காலியில் ஒரு கிழவர் கைக்குட்டையை எடுத்தார்.

"இத எடுத்த அனுபவத்தச் சொல்லுங்க சார்" என்றாள் நிகழ்ச்சியை நடத்திய பெண். எடுத்தது யார் என்று அவளும் கேட்கவில்லை. அவள் கேட்டது அனுபவத்தை.

சார் மைக்கை வாங்கினார். "தண்ணி இங்க வரைக்கும்" என்று மார்பில் கை வைத்தார். "கேமராவத் தலைக்கு மேல தூக்கிக்கிட்டுத்தான் நடந்தேன். அந்தத் தகப்பன் என்னப் பாத்தாரு. அந்தப் பார்வைய நான் சாகற வரைக்கும் மறக்கமாட்டேன்." அவர் குரல் நடுங்கியது. அந்த முகத்தை நான் உற்றுப் பார்த்தேன். பொய் சொல்கிறவரின் முகமாக அது இல்லை. சொல்லிச் சொல்லி அவர் அந்தத் தண்ணீரில் இறங்கியேவிட்டிருந்தார். அவருடைய பட்டியலில் அப்படித்தான் எழுதியிருந்தது; கோப்பு என்று வேறொன்று இருப்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

படம் எடுக்கப்பட்ட கோணம் நீர்மட்டத்துக்கு ஒரு சாண் மேலே. கேமராவைத் தலைக்கு மேல் தூக்கியவன் எடுத்த படம் அல்ல அது. கழுத்தளவு நீரில் நின்றவன் எடுத்தது. வீடு திரும்பி மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தான் எல்மெர். சார் ஆரஞ்சுப் பழங்களோடு பார்க்கப் போயிருந்தார்.

இப்போது எல்மெர் மேடைக்குக் கீழே ஒரு முழங்காலில் நின்று, தன் படத்தின் முன்னால் தன் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கும் சாரைப் படம் பிடித்தான். வெளிச்சம் நன்றாக விழவேண்டும் என்பதற்காக இரண்டடி நகர்ந்து மறுபடி பிடித்தான். அவன் கேமராவின் சொடுக்கொலி என் மேசைவரை கேட்டது. இந்தக் கார்டு மாலையில் என் சோப்பு டப்பாவுக்கு வரும். நான் செருகுவேன். அமான்சியோ தினோபோல் பேசுகிறார். எடுத்தவர், அமான்சியோ தினோபோல். சனிக்கிழமை கோப்பிலும் எழுதுவேன். வெள்ளிக்கிழமை அதற்கு முன்பே வந்து போயிருக்கும். எல்மெரின் பெயர் முகவர்களின் பட்டியலில், கடைசியாக ஓரிடத்தில், சரியான எழுத்துகளோடு ஏறியிருக்கும்.

கைதட்டல் எழுந்தது. நகரமன்ற உறுப்பினர் நினைவுப் பலகையைத் தூக்கினார். அடுத்த படத்துக்குப் போகும்படி சார் எனக்குக் கண் காட்டினார்.

நான் போகவில்லை. விவரங்களைக் காட்டும் விசையை அழுத்தினேன். திரையில், வெள்ளத்தின் மேல், கறுத்த ஒரு கட்டம் இறங்கியது. எடுத்தவர்: அமான்சியோ தினோபோல். அதன் கீழே தேதி. அதன் கீழே, நான் முந்தின நாள் சேர்த்துவைத்திருந்த வரி: பழைய கோப்புப் பெயர். அதற்கு நேரே எல்மெரின் மூன்றெழுத்தும் நான்கிலக்க எண்ணும்.

கூட்டத்துக்கு அது ஒன்றும் விளங்கவில்லை; ஏதோ கணினிக் கோளாறு என்று சிலர் சிரித்தார்கள். டோட்டிங்குக்கு விளங்கியது. பின்வரிசையில் எழுந்து நின்றார். சாருக்கும் விளங்கியது, திரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், மைக்கை மூடிக்கொண்டு, "நெலி, அத எடு" என்று உதட்டை மட்டும் அசைத்தார். என் தாயின் மருத்துவமனைப் படுக்கை என் கண்முன் எழுந்து நின்றது. அதைத் தாண்டித்தான் நான் எழ வேண்டியிருந்தது. எல்மெரின் கேமரா அவன் முகத்திலிருந்து மெல்ல இறங்கியது.

என் மைக் ஏற்கெனவே திறந்திருந்தது.

"சார்," என்றேன், "இந்தப் படத்த எடுத்தது யாரு?"